அயலான் யார்? கொட்டாஞ்சேனை வரலாறு தரும் விடை

கொழும்புத் துறைமுகத்தின் அருகே அமைந்துள்ள கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளிற் செல்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறார். மெழுகுதிரி ஏந்திய கத்தோலிக்கருக்கு இடையே நெற்றியில் நீறணிந்த சைவத் தாயொருத்தி நிற்பாள். வெள்ளையுடுத்த பௌத்த மூதாட்டி நிற்பாள். புறக்கோட்டைக் கடைகளிற் சுமை தூக்கிக் காய்த்துப்போன தோளுடன் ஒரு தொழிலாளி நிற்பான். 'நீ எவ்வினம், எச்சமயம்?' என்று அங்கே எவரும் எவரையும் வினவுவதில்லை. நோயுற்ற பிள்ளைக்காகவும், கிடையாத வேலைக்காகவும், கடல்கடந்து போன மகனுக்காகவும் கலங்கும் மனங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இதே கொட்டாஞ்சேனைப் பகுதியிலேதான் 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று ஆலய மணிகள் ஒலித்து அடிதடிக்கு ஆள் திரட்டின. இதே அந்தோனியார் ஆலயத்திலேதான் 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று வெடிகுண்டு வெடித்து, வழிபட வந்த ஏழை எளிய மக்களின் உயிரைக் குடித்தது. இவ்விரண்டு ஞாயிறுகளுக்கும் இடையே 136 ஆண்டுகள் கிடக்கின்றன. ஒன்றிலே கிறிஸ்தவர் தாக்கினர். மற்றொன்றிலே கிறிஸ்தவர் தாக்கப்பட்டனர்.

வெள்ளவத்தையில் ஆசிரியத் தொழில் புரியும் நாம், ஒல்லாந்தர் காலத்து வரலாற்றைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவரிடமிருந்து ஒரு கேள்வியை எதிர்கொள்கிறோம்: "சேர், அன்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற சமயத்தவர்கள் ஏன் ஒருவரையொருவர் வேட்டையாடினார்கள்?" பாடநூலில் இதற்கு விடையில்லை. 'அரசியல் வேறு, சமயம் வேறு' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதும் ஆசிரியருக்கு அழகன்று. கிறிஸ்தவ வாழ்வின் உயிர்நாடி அன்பு என்றால், அந்த உயிர்நாடி வரலாற்றில் எங்கே துடித்தது, எங்கே நின்றுபோயிற்று என்பதைத் தேடிப் பார்ப்பதே நேர்மையான வழியாகும்.

முதலிற் சொல்லை ஆராய்வோம். தமிழில் 'அன்பு' என்றும் 'அருள்' என்றும் இரு சொற்கள் உண்டு. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் இவ்விரண்டையும் கூர்மையாக வேறுபடுத்துவார். தொடர்புடையார் மீது செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர் மீதும் செல்வது அருள். மனைவி, மக்கள், சுற்றம் என்று விரிவது முன்னையது; அந்த வேலியைக் கடந்து செல்வது பின்னையது. பழைய கத்தோலிக்கச் செப நூல்கள் 'தேவசிநேகம்' என்று எழுதின. பிற்காலத்தார் 'அன்பு' என்றே எழுதினர். ஆயினும் நற்செய்தியிலே கேட்கப்பட்டது பரிமேலழகர் கூறும் அருளையே நெருங்கி நிற்பது என்பது நம் எண்ணம்.

'என் அயலான் யார்?' என்று சட்டம் கற்ற ஒருவன் இயேசுவிடம் கேட்டபோது, அவர் இலக்கணம் சொல்லவில்லை, கதை சொன்னார். எரிகோவுக்குப் போகும் வழியிலே கள்வரால் அடியுண்டு கிடந்தவனைக் கோயிற் குருவும் லேவியனும் கண்டும் காணாதவராய் விலகிப் போயினர். யூதர் தீண்டத்தகாதவனாகக் கருதிய சமாரியன் ஒருவனே நின்று, காயத்துக்குக் கட்டுப் போட்டு, சத்திரத்துச் செலவையும் ஏற்றான். 'அயல்' என்னும் நம் சொல்லே இக்கதையின் உட்பொருளைத் தாங்கி நிற்பதை நோக்குக. அயல் வீடு என்றால் அடுத்த வீடு. அயல் நாடு என்றால் அந்நிய நாடு. அண்மையும் அந்நியமும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. அந்நியனாகத் தோன்றுபவனே அடுத்தவன் என்பதை ஏற்பதுதான் கிறிஸ்தவ அன்பின் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் இன்னும் கடியது. திருமண வீடுகளில் இனிய குரலில் வாசிக்கப்படும் பவுலின் அன்பைப் பற்றிய அதிகாரம், மணமக்களுக்காக எழுதப்பட்டதன்று. கொழும்பைப் போலவே வணிகரும் அடிமைகளும் கூலிகளும் நெருங்கி வாழ்ந்த துறைமுக நகரமாகிய கொரிந்துவின் சபைக்கு அது எழுதப்பட்டது. அச்சபையார் கூடி உண்ணும் திருவிருந்திலே வசதியுடையோர் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறித்தனர். இல்லாதோர் பசியோடு இருந்தனர். இதனைப் பவுல் அதே கடிதத்தின் முற்பகுதியிலே கண்டிக்கிறார். அந்தக் கண்டனத்தின் தொடர்ச்சியாகவே அன்பைப் பற்றிய அதிகாரம் வருகிறது. எனவே அன்பு என்பது நெஞ்சின் நெகிழ்ச்சியோடு முடிந்துவிடுவதன்று. பந்தியிலே யார் முதலில் உண்டார், யார் பட்டினி கிடந்தார் என்ற கணக்கோடு தொடர்புடையது.

இவ்விரு பாடங்களையும் உரைகல்லாகக் கொண்டு நம் தீவின் வரலாற்றுக்குத் திரும்புவோம்.

* * *

போர்த்துக்கேயர் சிலுவையையும் பீரங்கியையும் ஒருங்கே கொண்டுவந்தனர். திருகோணமலைக் கோணேசர் கோயிலைத் தகர்த்தவர்கள் தம்மைக் கிறிஸ்துவின் அடியார் என்றே அழைத்துக்கொண்டனர். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த அவர்கள் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்தனர். கத்தோலிக்க வழிபாடு குற்றமாயிற்று. கறுவாவும் யானையும் வணிகக் கம்பனியின் கண்ணை ஈர்த்த காலம் அது. போர்த்துக்கேயரின் சமயத்தைத் தழுவியோர் போர்த்துக்கேயரின் ஒற்றர்களாகவும் இருப்பர் என்ற ஐயமே அச்சட்டங்களின் பின்னே நின்றது. கொட்டாஞ்சேனைக்கு அணித்தே 1749இல் தொடங்கி 1757இல் கட்டி முடிக்கப்பட்ட வுல்பெண்டால் ஆலயம் அக்காலத்தின் சாட்சியாக இன்றும் நிற்கிறது. அங்கிருந்து கொச்சிக்கடை ஆலயத்துக்கு நடந்தே போகலாம். ஒடுக்கியவரின் ஆலயமும் ஒடுக்கப்பட்டவரின் ஆலயமும் அவ்வளவு அண்மையில் உள்ளன. வணிகர் வேடத்தில் ஒளிந்து திரிந்த அந்தோனியோ என்னும் குரு, கடலரிப்பால் அல்லலுற்ற மீனவருக்காகச் சிலுவையை நட்டுச் செபித்த இடமே கொச்சிக்கடை ஆலயமாயிற்று என்பது வழிவழி வந்த கதை.

இக்காலத்திலேதான் யோசேவாஸ் அடிகள் இலங்கைக்கு வந்தார். 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் பெனாலிம் ஊரில், கொங்கணிப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கோவாவிலே அவர் சேர்ந்திருந்த குருகுலமும் பிராமணக் குருமாரைக் கொண்டதாகவே இருந்தது. சிலுவை நிழலிலும் சாதி குளிர்காய்ந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அத்தகைய சூழலில் வளர்ந்தவர், 1687இல் குருத்துவ உடையைக் களைந்து, கூலியாள் கோலத்தில், ஜோன் என்னும் பணியாளுடன் கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். கழுத்திலே செபமாலையை வெளித்தெரிய அணிந்து வீடுவீடாக இரந்து சென்றார். அதைக் கண்டு முகம் மலர்வோரைக் கொண்டு மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். தமிழைக் கற்றார், பின்னர் சிங்களத்தையும் கற்றார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற ஐயத்தில் சிறையிடப்பட்டார்.

கண்டியின் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தன். கிறிஸ்தவக் கம்பனி துரத்திய கிறிஸ்தவக் குருவுக்கு அடைக்கலம் தந்தவன் அந்தப் பௌத்த மன்னனே. காலப்போக்கில் ஐயம் நீங்கி, அடிகள் அவனது நாட்டிலே தடையின்றி நடமாட இசைவளித்தான். ஒல்லாந்தர் ஆண்ட கொழும்புக்கோ அடிகள் ஒளிந்தே வந்துபோக வேண்டியிருந்தது. கிறிஸ்தவ வாழ்வில் அன்பின் இடத்தை எழுதப் புகுவோர் இந்தப் பௌத்தனின் பெருந்தன்மையையும் அதே ஏட்டில் எழுதிவைத்தல் முறையாகும்.

1697இல் கண்டியிலே பெரியம்மை பரவிற்று. அக்காலத்து மக்களுக்கு அம்மை என்றால் மரணத்தின் மறுபெயர். மன்னன் நகரைவிட்டு அகன்றான். நோயுற்றோரை உறவினரே காட்டிலே விட்டுவந்தனர். பரிமேலழகர் சொன்ன 'தொடர்புடையார்' என்ற வேலி, கொள்ளைநோயின் முன் எவ்வளவு எளிதில் முறிந்துவிடுகிறது என்பதை இங்கே காண்கிறோம். பெற்ற பிள்ளையைக் கைவிட்ட தகப்பன் கொடியவன் அல்லன், அஞ்சியவன். அந்த அச்சத்தைக் கடந்தவர்களே அருளுடையவர்கள். யோசேவாஸ் அடிகளும் அவரது மருமகன் யோசப் கர்வாலியோ என்னும் குருவும் காட்டுக்குடில்களிற் கிடந்தோரைத் தேடிச் சென்றனர்; உணவு கொடுத்தனர்; புண்ணைக் கழுவினர்; இறந்தோரைத் தம் கையாலே புதைத்தனர். நோயாளியின் சமயத்தை அவர்கள் விசாரிக்கவில்லை. பிராமணக் குலத்திற் பிறந்த கை, பிணம் சுமக்கவும் குழி தோண்டவும் கூசவில்லை. அக்காலத்துச் சாதிச் சமுதாயத்திலே இது சிறிய புரட்சியன்று.

1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் அவர் கண்டியிலே இறந்தார். 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் 2015இல் பாப்பரசர் பிரான்சிசும் கொழும்பு காலிமுகத்திடலிலே அவரை முறையே அருளாளராகவும் புனிதராகவும் அறிவித்தனர். அவருக்குப் பின் வந்த கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார்; அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலங்களில் நம் மக்களிடையே வாசிக்கப்பட்டு வந்தது. அந்நியராக வந்தவர்கள் மக்களின் மொழியைக் கற்று மக்களின் துயரத்திலே பங்குகொண்டனர் என்பதே இவற்றின் சாரம். துப்பாக்கி நிழலின்றி வந்த கிறிஸ்தவமே இத்தீவில் ஆழமாக வேரூன்றிற்று என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

* * *

ஆயின் துன்புற்ற சபை, துன்பம் நீங்கியதும் தன் நினைவை இழந்துவிடுவதுண்டு. ஆங்கிலேயர் ஆட்சியிலே கத்தோலிக்கருக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்தது; ஆலயங்கள் உயர்ந்தன. அதே காலத்திலே பௌத்த மறுமலர்ச்சியும் தலைதூக்கிற்று. 1873இல் பாணந்துறையிலே கிறிஸ்தவப் போதகரோடு வாதிட்டுப் புகழ்பெற்ற மிகெட்டுவத்தை குணானந்த தேரர் கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமயவில் வாழ்ந்தவர். கத்தோலிக்கப் பேராலயமும் பௌத்த விகாரையும் அயலிலே நின்றன.

1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு. அன்று விகாரையை நோக்கிப் பௌத்த ஊர்வலமொன்று வந்தது. கிறிஸ்தவத்தை இழிவுபடுத்தும் பொருட்கள் அதிலே கொண்டுவரப்படுகின்றன என்ற வதந்தி பரவிற்று. ஆலய மணிகள் ஒலித்தன. கம்பும் கல்லும் கொண்டு கத்தோலிக்கர் கூட்டம் ஊர்வலத்தின்மேற் பாய்ந்தது. இரத்தம் சிந்திற்று, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அரசாங்கம் ஆணைக்குழு அமைத்தது. ஆனால் குற்றவாளிகள் எவரும் தண்டிக்கப்படவில்லை. நீதி கிடைக்காமையால் வெகுண்ட பௌத்தர் சார்பில் கேணல் ஒல்கொட் 1884இல் இலண்டன் சென்று முறையிட்டார். 1885இல் வெசாக் நாள் அரசாங்க விடுமுறையாயிற்று.

கண்டி மன்னனின் அடைக்கலத்தாற் பிழைத்த சபை அந்தக் கடனை ஒரு ஞாயிற்றிலே மறந்தது. எல்லாரையும் வழிபாட்டுக்கு அழைக்க வேண்டிய மணி, அயலானை அடிக்க அழைத்தது. கொட்டாஞ்சேனை அன்றும் உழைக்கும் மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி. ஒரே துறைமுகத்தையும் ஒரே சந்தையையும் நம்பிப் பிழைத்தவர்களை வதந்தி இரு கூறாக்கிற்று; இலாபம் ஆட்சியாளருக்கே.

இதனை வாசிக்கும் முற்போக்கு நண்பர்கள், 'சமயம் என்றால் இப்படித்தான்' என்று திருப்தியடைந்துவிட வேண்டாம். வெள்ளவத்தையிலிருந்து எழுதும் நாம் நமது ஊரின் கதையொன்றையும் நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளோம். 1927இல் கொழும்புத் துறைமுகத் தொழிலாளரின் மாபெரும் வேலைநிறுத்தத்தை நடத்திய ஏ. ஈ. குணசிங்க, இன வேறுபாடின்றித் தொழிலாளரைத் திரட்டியவர். பொருளாதார மந்தம் வந்தபோது அவரே மலையாளத் தொழிலாளருக்கு எதிரான குரலை எழுப்பினார். 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் வேலைநிறுத்தம் எழுந்தபோது அவர் அதற்கு எதிராக நின்றார், கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்களே தொழிலாளரின் பக்கம் நின்றனர். வேலையின்மை பெருகும் வேளையில் தோழமையும் சுருங்கிச் சொந்த இனத்து எல்லைக்குள் ஒடுங்கிவிடும் என்பதற்கு இது சான்று. அயலான் யார் என்ற கேள்வி ஆலயத்துக்கு மட்டும் உரியதன்று, தொழிற்சங்கத்துக்கும் உரியது.

* * *

அரை நூற்றாண்டு கழிந்தது. 1983ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் இரவு பொரளையிலே மூண்ட தீ, மறுநாள் வெள்ளவத்தையைத் தின்றது. தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கொழும்பிலே ஏறத்தாழ 1 இலட்சம் பேர் அகதிகளாயினர். வெலிக்கடைச் சிறையிலே ஜூலை 25ஆம் 27ஆம் நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அந்நாட்களிலே தம் வீட்டு அறைகளிலே தமிழரை ஒளித்துக் காத்த சிங்கள, முஸ்லிம், பறங்கி அயலவர்கள் பலர். அவர்களுட் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. எரிகோ வழியிலே நின்ற சமாரியனுக்கும் பெயரில்லை அல்லவா?

சபைத் தலைவர்களுள் ஒருவரை இங்கே நினைத்தல் வேண்டும். குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1962 முதல் அப்பதவி வகித்தவர். 1971இல் தோன்றிய குடியியல் உரிமைகள் இயக்கத்தின் தலைவராகவும் பணியாற்றியவர். கலவரம் மூண்டபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். உடல்நலம் குன்றியிருந்தும் நாடு திரும்பி, பாதிக்கப்பட்டோரைச் சந்தித்து, யாழ்ப்பாணமும் சென்றார். பின்னர்த் தம் மக்களுக்கு ஒரு மேய்ப்புப் பணி மடல் எழுதினார். தமிழர்மீது நடந்தது ஒழுக்கக் குற்றம் என்றும், அதற்காகச் சிங்கள மக்கள் வெட்கமுற்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சிங்களவராகிய அவர் அதிலே வலியுறுத்தினார். 'இரு பக்கமும் தவறு' என்ற வசதியான வாக்கியத்தின் பின்னே அவர் ஒளியவில்லை. அதே ஆண்டு ஒக்டோபர் 23ஆம் நாள் அவர் காலமானார்.

அன்பின் வரலாற்றிலே இது ஒரு புதிய படி. யோசேவாஸ் நோயாளியின் புண்ணைக் கழுவினார். விக்கிரமசிங்க தம் சொந்த இனத்தின் புண்ணைச் சுட்டிக்காட்டினார். பிறருக்கு இரங்குவது ஓரளவு எளிது. 'எங்களவர் செய்தது பிழை' என்று எங்களவர் முன்னிலையிலே சொல்வது அரிது. இந்த உரைகல்லை ஆயரோடு நிறுத்திவிடாமல் நம் மீதும் உரைத்துப் பார்க்க வேண்டும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, தமிழராகிய நம்முள் எத்தனை பேர் அவ்வாறு வாய் திறந்தோம்?

பந்தியின் கணக்கையும் மறந்தோமில்லை. திஸ்ஸ பாலசூரிய அடிகள் 1971இல் கொழும்பிலே சமூக சமய நிலையத்தை நிறுவி, 1977இல் நற்கருணையும் மானிட விடுதலையும் பற்றிய நூலை வெளியிட்டார். ஞாயிறுதோறும் ஒரே அப்பத்தைப் பகிர்வோர் வாழும் சமுதாயத்தில் செல்வமும் நிலமும் ஏன் பகிரப்படவில்லை என்பதே அவர் எழுப்பிய வினா. கொரிந்துவில் எழுந்த வினாவும் அதுவே. 1997இல் அவரது மற்றொரு நூலின் பொருட்டு உரோமாபுரி அவரைச் சபைக்குப் புறம்பாக்கிற்று. 1998இல் அத்தடை நீக்கப்பட்டது. கேள்வி மட்டும் இன்னும் நீங்காமல் நிற்கிறது.

* * *

இனி 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாளுக்கு வருவோம். யோசேவாஸ் அடிகள் பிறந்த அதே திகதி. கொச்சிக்கடையிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியவிலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழரும் சிங்களவரும் ஒரே சவச்சாலையிலே கிடந்தனர்.

அன்றைய கோபம் எளிதிற் பழிவாங்கலாக மாறியிருக்கலாம். பழிவாங்க வேண்டாம் என்று பேராயர் மல்கம் ரஞ்சித் மக்களை வேண்டினார். கொச்சிக்கடையிலே 1883இன் மணி மீண்டும் ஒலிக்கவில்லை. இது சிறிய செய்தியன்று. ஆயினும் முழுக்கதையும் இவ்வளவு ஒளியுடையதன்று. நீர்கொழும்பிலே வாடகை வீடுகளில் வாழ்ந்த நூற்றுக்கணக்கான பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள் வெளியேற்றப்பட்டனர். தம் நாட்டிலே சமயத்தின் பேரால் ஒடுக்கப்பட்டு ஓடிவந்தவர்கள் அவர்கள். மே மாதத்திலே மினுவாங்கொடை முதலிய இடங்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஓரிடத்திலே அணைந்த தீ வேறோரிடத்திலே மூட்டப்பட்டது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். பழிவாங்காமை வேறு, நீதியைக் கைவிடுதல் வேறு. 'மன்னித்துவிட்டீர்களே, இனி ஏன் வழக்கு?' என்று கேட்போர் உண்டு. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் அதிகாரத்திலிருந்தோர் செயற்படத் தவறியது ஏன் என்று உறவிழந்த குடும்பங்கள் கேட்டன, சபையும் கேட்டது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. உண்மை முழுவதும் வெளிவர வேண்டும் என்ற கோரிக்கை அதனோடு ஓயவில்லை. அந்தக் கோரிக்கை அன்புக்கு முரணானதன்று. அன்பே அதனை எழுப்புகிறது. இறந்தவரை நேசிப்பவனே அவர் ஏன் இறந்தார் என்று கேட்பான். அதே நேர்மையோடு, முள்ளிவாய்க்காலில் மடிந்தோருக்காகவும் காணாமல் ஆக்கப்பட்டோருக்காகவும் வீதியோரத்திலே அமர்ந்திருக்கும் தாய்மாரின் கேள்வியையும் ஆலயங்கள் தம் கேள்வியாக ஏற்றாக வேண்டும். எங்கள் இறந்தோர், உங்கள் இறந்தோர் என்று பிரித்தால், 'அயல்' என்ற சொல்லில் ஒரு பாதி மாய்ந்துவிடும்.

மாணவனின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். அன்பைப் பேசிய சமயத்தவர்கள் ஒருவரையொருவர் வேட்டையாடியது, அன்பைத் தொடர்புடையாரோடு நிறுத்திக்கொண்டமையால். வேலியைக் கடந்தவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். அவர்கள் கடந்த இடங்களே கிறிஸ்தவ வாழ்வின் வரலாறாக நிலைத்தன. அம்மைக் குடிலிலே சேவையாகவும், இனவெறியின் நடுவே தன்னினத்தின் பிழையை ஒப்புக்கொள்ளும் துணிவாகவும், குண்டின் பின்னே பழிதவிர்த்து நீதி கேட்கும் பொறுமையாகவும் அந்த அன்பு வடிவெடுத்தது. காலந்தோறும் அதன் வேலை மாறும். அதன் எல்லை மட்டும் சுருங்கக் கூடாது.

கொச்சிக்கடையிலே ஒரே வரிசையில் நிற்கும் அந்தச் சைவத் தாயும் பௌத்த மூதாட்டியும் கத்தோலிக்கத் தொழிலாளியும் மெழுகுதிரி அணைந்ததும் தத்தம் தெருவுக்குத் திரும்புகின்றனர். அடுத்த வதந்தி கிளம்பும் நாளிலே அவர்களுள் எவர் கதவு எவருக்குத் திறக்கும் என்பதை, ஆலய மணி மட்டும் தீர்மானிப்பதில்லை. நம் வகுப்பறைகளிலே அயலவரின் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்து எந்த வரலாற்றைக் கற்கிறார்கள் என்பதும் அதனைத் தீர்மானிக்கும். அவ்வகையில் இக்கேள்வி குருமாருக்கு விடப்பட்டதன்று. ஆசிரியர்களாகிய நமக்கும் விடப்பட்டதாகும்.